கேட் போட்ட நேரம்

நீடாமங்கலத்தில் கேட் போட்டாச்சு.
தஞ்சாவூர் பஸ், நெல் மூட்டை லாரி,
மடியில் கேக் டப்பாவை அணைத்தபடி ஒரு அக்கா,
எல்லாம் போட்டது போட்டபடி.

செல்போன் ரிப்பேர் கடை மாடியில்
ஜன்னல் கம்பியில் நான் கட்டிவைத்த ஒளிக்கண்
கேட்டின் சிவப்பு விளக்கையே பார்த்திருந்தது.
எரிந்ததும் ஒரு துடிப்பை அனுப்பியது.
அவ்வளவுதான் அதன் வேலை.

துடிப்பு வந்தால் கதவு ஒரு மின்னல் நேரம் திறக்கும்.
உள்ளே காத்திருக்கும் கெப்பாசிட்டர்
அந்த நொடியில் என்ன வோல்டேஜோ
அதை வாரிக்கொள்ளும்.
கதவு மூடும்.
அடுத்த துடிப்பு வரை
வெளியே குடி முழுகினாலும்
சொன்ன சொல்லை மாற்றாது.

முதலில் இரைச்சலைத்தான் கொடுத்தேன்.
தலைகீழாய் மாட்டிய டிரான்சிஸ்டர்
ஐப்பசி மழையாய்ச் சோவென்று கொட்டும்.
அதிலிருந்து ஒரு துளி. பிறகு ஒன்று. இன்னொன்று.
ஆஸிலேட்டர் பாடியது எந்த ராகத்திலும் உட்காரவில்லை.
சிங்கப்பூரிலிருந்து இந்தப் பலகைகளை
கைலிக்குள் சுற்றிக் கொண்டுவந்த
கூத்தாநல்லூர் நஜ்முதீன் சொன்னான்:
"சில்லறையக் கீழ கொட்டின மாதிரி இருக்கு மாப்ள."
எனக்கு நல்லாத்தான் இருந்தது.

பிறகு மெதுவாய் ஏறி இறங்கும் ஓர் அலை.
வழவழவென்று போனது
படித்துறையாய் வெட்டுப்பட்டு இறங்கியது.
துடிப்பின் வேகத்தைக் கொஞ்சம் திருகினால்
படிகள் பின்னோக்கி நடந்தன,
ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஃபேன்
எதிர்ப்பக்கம் சுற்றுகிற மாதிரி.
ஒழுகுகிற கூரைக்கடியில் பெயிண்ட் டப்பா வைத்து
சொட்டையே துடிப்பாக்கினேன் ஒருநாள்.
மழை விட்டபிறகும் கூரை வாசித்துக்கொண்டிருந்தது.

மங்கையர்க்கரசிக்கு மூணாறு தலைப்பில் வேலை.
காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு
அளவுகோல் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதவேண்டும்.
நடுவில் வெண்ணாறு என்ன ஆட்டம் போட்டாலும்
தாளில் நாலேகால் அடி என்றால் நாலேகால் அடி.
போன வருஷத்து ரெஜிஸ்டர் முழுக்க
போட்டோ பிடித்து அனுப்பினாள்.
வோல்டேஜாக்கிப் பாடவைத்தேன்.
மேட்டூர் திறக்கும்வரை ஒரே சுரம்,
பீரோவுக்கடியில் யாரோ முனகுகிற மாதிரி.
பிறகு ஆடி.
ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்:
"இதுல ஒரு ராத்திரி இல்ல.
ரெண்டு மணிக்கு ஏறி விடியறதுக்குள்ள இறங்கிடுச்சு.
நான் கரையிலதான் நின்னேன்.
எழுத கட்டம் இல்ல."

எந்தக் கெப்பாசிட்டரும் கசியும்.
பலகை வியர்க்கிற மாதங்களில் சீக்கிரம் கசியும்.
பிடித்த சுரம் தெரியாமல்
உட்கார்ந்துகொண்டே போகும்.
எவ்வளவு மிச்சமென்று மீட்டர் வைக்க முடியாது.
வைத்தால் மீட்டரே அதைக் குடித்துவிடும்.

தை மாசம் அவளிடம் ஒன்று கேட்டேன்.
"பார்க்கலாம்" என்றாள்.
இப்போது புரட்டாசி.
திரும்பக் கேட்கவில்லை.

கேட்டுக்கு அந்தப் பக்கம்
லாரிக்குப் பின்னால் மூணாவதாய் அவள் ஸ்கூட்டி,
கொக்கியில் மஞ்சள் பை.
எஞ்சின் மாற்றுகிறார்கள் போல.
கூட்ஸ் வண்டிக்கு நகர மனசில்லை.
இருபது நிமிஷமாய் மாடியில் ஒரே சுரம்,
என் காதுக்கு மட்டும் தெரிகிற அளவு
தாழ்ந்தபடி.
அண்ணாந்து பார்த்தாளோ என்னவோ,
ஹெல்மெட்டுக்குள் என்ன தெரியும்.

விளக்கு அணைந்தது.
அணைவதற்கு நான் துடிப்பு வைக்கவில்லை.
கீழே ரோடு ஹாரனோடு பிய்த்துக்கொண்டு போகிறது,
மேலே அந்தப் பழைய சுரம்
ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கிறது.
பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே
மஞ்சள் பையைத் தேடுகிறேன்.

பாதி இறக்கிய ஷட்டரை யாரோ தட்டுகிறார்கள்.
தண்ணீரில் விழுந்த போனோடு
யாராவது வந்திருப்பார்கள்.